தொடக்கூடாத நட்டு

எங்க வீட்டுக்காரரை இந்தத் தெருவுல எல்லாரும் பட்டாளத்தார்னுதான் கூப்பிடுவாங்க. நெசத்துல அவர் பேக்கரியில மாவு பிசையறவர். அடுப்புப் பக்கத்துலயே நின்னு நின்னு புருவம் பாதி பொசுங்கிப் போன மனுஷன். ஆனா வேலை முடிஞ்சு வந்து, பழைய காக்கி டவுசரை மாட்டிக்கிட்டு ஷெட்டுக்குள்ள நுழைஞ்சாரோ இல்லையோ, நடையே மாறிடும். ஷெட்டுல நிக்கிறது ஒரு ராணுவ லாரி. எந்தக் காலத்துச் சண்டைக்கோ போய்ட்டு வந்தது.

அதை ஏலத்துல எடுத்து இழுத்துட்டு வந்தப்ப கதவு கிடையாது, எஞ்சின் துருப்பிடிச்சு ஒரே கட்டி, டிரைவர் சீட்டுல எலி குடும்பம் நடத்திட்டு இருந்தது. "இதை எதுக்குங்க கொண்டாந்தீங்க, எடைக்குப் போடவா?"ன்னு கேட்டேன். "இருந்து பாரு, ஓட வைக்கிறேன்"னார். வருஷக் கணக்கா என்கிட்ட பேச வேண்டியதையெல்லாம் அந்த லாரிகிட்ட பேசி ஓட வெச்சுட்டார். இவரை மாதிரியே பித்துப் பிடிச்சவங்க சேர்ந்து ஒரு சங்கம் வெச்சிருக்காங்க. வருஷா வருஷம் மைதானத்துல வண்டிகளை வரிசையா நிறுத்தி சனங்களுக்குக் காட்டுவாங்க. அன்னைக்கு இவர் நிக்கிற நிப்பைப் பார்க்கணும், நாலு நாட்டை ஜெயிச்சவரு மாதிரி.

எனக்கு அந்த லாரின்னாலே பயம். அதுலயும் வீலு இருக்கே, அதைப் பார்த்தாலே ஈரக்குலை நடுங்கும். இப்ப வர்ற வண்டி மாதிரி ஒரே தகடு இல்லை அது. ரெண்டு தட்டை சேர்த்து வெச்சு, சுத்தி நட்டுப் போட்டு இறுக்கி, நடுவுல டயரைப் பிடிச்சு வெச்சிருக்கும். வெளிவட்டத்து நட்டு அந்த ரெண்டு தட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. உள்வட்டத்து நட்டு வீலை வண்டியோட பிடிக்கிறது. வீலைக் கழட்டணும்னா உள்வட்டத்தை மட்டும்தான் கழட்டணும். டயர்ல காத்து இருக்கிறப்ப வெளிவட்டத்துல கை வெச்சா, உள்ள இருக்கிற காத்து ரெண்டு தட்டையும் பிச்சு எறியும். எதிர்ல உக்காந்திருக்கிறவன் தலை இருக்காது. அப்படிப் போன ஆளுங்க கதையை எங்க வீட்டுக்காரரே சோறு சாப்பிட்டுக்கிட்டு சாவகாசமா சொல்லுவார். எனக்கு அதுக்கப்புறம் சோறு இறங்காது.

அதனால சங்கத்துல ஒரு வழக்கம். தொடக்கூடாத வெளிவட்டத்து நட்டுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடிச்சு வெச்சிடுவாங்க. பச்சை வீல்ல சிவப்பு நட்டு, யாருக்கும் பளிச்சுன்னு தெரியும்.

எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான், ரெண்டுமே ஏதோ ஒரு அழுக்கு நிறம். இளவயசுல பட்டாளத்துல சேரப் போனப்ப, புள்ளி புள்ளியா ஒரு படத்தைக் காட்டி உள்ளே என்ன நம்பர்னு கேட்டிருக்காங்க. நம்பரா, எங்கேன்னு கேட்டிருக்கார். அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. ஊர்ல வந்து, பாதம் தட்டைன்னு எடுத்துக்கலைன்னு சொல்லிட்டார். இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் நம்பறது அந்தத் தட்டைப் பாதத்தைத்தான். கல்யாணம் ஆன புதுசுல எனக்கு மட்டும் சொல்லி, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். நான் திரைச்சீலை தைக்கிறவ. துணிக்கும் நூலுக்கும் நிறம் பொருத்தறதுதான் என் பொழப்பு. என் தலையெழுத்தைப் பாருங்க, எனக்கு வாய்ச்சவரு இப்படி. அதனால லாரிக்கு நிறம் பார்க்கிற வேலை மொத்தமும் என்னுது. பச்சையைக் கலக்கறதும் நான்தான், நட்டுக்குச் சிவப்பு அடிக்கிறதும் நான்தான்.

இந்தத் தடவை கண்காட்சிக்கு முந்தின நாள் ஒரு ஆஸ்பத்திரியில திரைச்சீலை மாட்டற வேலை வந்துடுச்சு. வீலுக்கெல்லாம் புதுசா பச்சை அடிச்சு முடிச்சிருந்தார். "நட்டை நான் வந்து அடிக்கிறேன், நீங்க பிரஷ்ஷைத் தொடாதீங்க"ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேன். கேக்கிற ஆளா அவர்?

மத்தியானம் திரும்பி வந்தேன். தெருமுனையிலயே கம்ப்ரசர் சத்தம் காதைப் பொளந்தது. எங்க வீட்டுக்காரர் லாரிக்கு அந்தப் பக்கம் நின்னு, மூக்குல துணி கட்டிக்கிட்டு, கதவுக்குப் பெயின்ட் பீச்சிட்டு இருந்தார். இந்தப் பக்கம் என் தம்பி. டயர் கடையில வேலை பார்த்தாலும் இப்ப வர்ற ஒரே தகட்டு வீலைக் கழட்டியே பழகினவன், இந்த வீல்ல சிவப்பைத் தொடக்கூடாதுங்கிறது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பின்வீல்ல பிரேக் ஒட்டுதுன்னு மாமா கூப்பிட்டதும் ஓடி வந்திருக்கான், அவனுக்கும் அந்த லாரி மேல உசுரு. பின்வீலுக்கு நேர் எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்து, ஸ்பேனர்ல நீளமா ஒரு பைப்பைச் சொருகி, பல்லைக் கடிச்சுக்கிட்டு அமுக்கிட்டு இருந்தான்.

அடடா, வீலு என்ன பளபளன்னு இருக்குன்னுதான் முதல்ல தோணுச்சு. அப்புறம்தான் உறைச்சது. சிவப்பு எங்கே? நட்டு அத்தனையும் ஈரப் பெயின்ட்டுல மின்னுது, அத்தனையும் பச்சை. ஸ்பேனர் இருக்கிறது வெளிவட்டத்துல.

கையும் ஓடலை, காலும் ஓடலை. கத்தினேன். என் சத்தம் எனக்கே கேக்கலை. ஓடிப்போய் தோளைத் தொட்டா திடுக்கிட்டு இன்னும் ஒரு இழுப்பு இழுத்துட்டான்னா?  ஷெட்டு வாசல்ல மெயின் சுவிட்ச் இருந்தது. அதைப் பிடிச்சுக் கீழே இழுத்தேன்.

சத்தம் நின்னுது. தம்பி திரும்பிப் பார்த்துச் சிரிச்சான். "என்னக்கா, கரண்ட்டை நீயே புடுங்கிட்டியா?"

"கையை எடுடா."

"எதுல இருந்து?"

"அந்த நட்டுல இருந்துடா. உனக்குப் புண்ணியமாப் போகும், கையை எடு."

அந்தப் பக்கம் இருந்து இவர் வந்தார், பாதிப் பெயின்ட்டுல சுவிட்சை அணைச்ச கோவத்தோட. "யாருடி இப்போ..."ன்னு ஆரம்பிச்சவர் ஸ்பேனரைப் பார்த்ததும் நிறுத்திட்டார். முகத்துல பொட்டு ரத்தம் இல்லை.

"மாப்ளே, எத்தனை லூஸ் பண்ணினே?"

"பாதி வட்டம் முடிச்சிட்டேன் மாமா. ஏன், என்னாச்சு?"

"சிவப்பைத் தொடாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"எங்கே மாமா இருக்கு சிவப்பு?"

இவர் வீலைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "நான் சிவப்புதானே அடிச்சேன்?"னு என்கிட்ட கேட்டார், சின்னக் குரல்ல.

"இல்லைங்க. எல்லாம் பச்சை."

வீலுக்குள்ள இருந்து டிக்குன்னு ஒரு சத்தம் வந்தது. மூணு பேரும் அப்படியே உறைஞ்சு போனோம்.

"மாப்ளே, எந்திரிக்காதே. ஸ்பேனரை அதுலயே விட்டுடு. உக்காந்த மேனிக்கே பக்கவாட்டுல நகரு. நேர் எதிர்ல தலையை நீட்டாதே."

அவனுக்கு இப்பத்தான் புரிஞ்சது. ஸ்டூலோட இஞ்ச் இஞ்சா நகர்ந்தான்.  பக்கத்துல வந்ததும் சட்டையைப் பிடிச்சு வெளியே இழுத்தேன். இழுத்த இழுப்புல பட்டன் தெறிச்சிடுச்சு.

இவர் வெளியே வரலை. டயர்ல இருந்து காத்தை இறக்கணும்னார். நட்டைத் திரும்ப இறுக்கறதும் ஆபத்து, காத்து போனாத்தான் அது சும்மா இரும்பு. டியூப் வாயில இருக்கிற சின்னப் பின்னைக் கழட்டினா காத்து போயிடும். ஆனா அந்த வாய் இருக்கிறது வீலோட முகத்துல. யாராவது கையை நீட்டித்தான் ஆகணும்.

"தீயணைப்பு ஆளுங்களைக் கூப்பிடுவோம்"னு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"வந்தா அவங்கள்ல ஒருத்தன் கையை நீட்டணும். அவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பா"ன்னார். என் விரலை ஒண்ணு ஒண்ணா விலக்கிவிட்டார்.

தரையில குப்புறப் படுத்து, டயர் ஓரமா ஊர்ந்து போனார். தலையை டயருக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு, கையை மட்டும் வளைச்சு வீல் முகத்துல தடவினார். மாவு பிசையற கை. விரல் ஒவ்வொரு நட்டா தொட்டுத் தொட்டுப் போச்சு. நான் வாயில முந்தானையை அடைச்சுக்கிட்டேன். கண்ணை மூடவும் பயம், திறந்து வைக்கவும் பயம். அந்தக் கை இருக்கணுமே, கை போனாலும் போகட்டும் ஆள் இருக்கணுமேன்னு என்னென்னமோ பேரம் பேசினேன், யார்கிட்டன்னு தெரியலை.

உஸ்ஸுன்னு ஆரம்பிச்சது. உடனே போயிடும்னு நினைச்சேன். போகலை. அவ்வளவு பெரிய டயரு. நடுவுல இன்னொரு தடவை டிக்குன்னுச்சு, தட்டு லேசா அசைஞ்சது. "கையை எடுங்க"ன்னு தம்பி அலறினான். இவர் எடுக்கலை. லாரி மெல்ல மெல்ல எங்க பக்கமாச் சரிஞ்சு, ரப்பர் மடங்கி, சத்தம் அடங்கிச்சு.

அவர் எந்திரிச்சு வந்ததும் ஓங்கி முதுகுல ஒண்ணு வெச்சேன். அப்புறம் அவரைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதேன்.

பெயின்ட் டப்பா ரெண்டையும் கொண்டாந்து பார்த்தோம். மூடி மாறிப் போயிருந்தது. சிவப்புன்னு எழுதின மூடி பச்சை டப்பா மேல. யார் மாத்திப் போட்டதுன்னு இன்னைக்கும் எங்களுக்குள்ள சண்டை ஓயலை. வேற யாரா இருந்தாலும் திறந்ததுமே தெரிஞ்சிருக்கும். இவர் மூடியைப் படிச்சுட்டு நட்டு அத்தனைக்கும் அதையே அடிச்சிருக்கார்.

தம்பி ஆடிப் போய் சுவர் ஓரமா உக்காந்திருந்தான். இவர் எல்லாத்தையும் சொன்னார், புள்ளிப் படம், பட்டாளம், பாதம், எல்லாம். கேட்டு முடிச்சதும் அவன் கோவம் வந்து எந்திரிச்சான். மாமாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன்.

"உங்களுக்கு வெக்கமா இருக்குன்னு நான் சாகணுமா மாமா?"

  அவன் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

மறுநாள் கண்காட்சிக்குப் போக வேணாம்னேன். போகணும்னார். ராத்திரியே நட்டை இறுக்கி டயருக்குக் காத்து அடைச்சிருந்தவர், காலையிலயே என்னை எழுப்பி வெளிவட்டத்து நட்டு அத்தனைக்கும் சிவப்பு அடிக்க வெச்சார், கூடவே நின்னார். மைதானத்துல கூட்டம் வந்தது. ஒரு அப்பா பிள்ளையைத் தோள்ல வெச்சுக்கிட்டு, "நட்டு ஏங்க சிவப்பா இருக்கு?"ன்னு கேட்டார். சங்கத்து ஆளுங்க நாலஞ்சு பேர் பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க.

எங்க வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "சிவப்புன்னு சொல்றாங்க. எனக்குத் தெரியாது. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். அதுக்குத்தான் பட்டாளத்துல என்னைச் சேர்க்கலை. பாதம் தட்டைன்னு நான் சொன்னதெல்லாம் பொய்"னார்.

தமாஷ் பண்றார்னு நினைச்சு எல்லாரும் சிரிச்சாங்க. சங்கச் செயலாளர் அவர் முதுகுல தட்டிக் கொடுத்தார். "பட்டாளத்தாரே, பலே"ன்னு ஒருத்தர் கை தட்டினார். "நெசமாத்தாங்க"ன்னு இவர் இன்னொரு தடவை சொன்னார், அதுக்கும் சிரிச்சாங்க. 

கூட்டத்துக்குப் பின்னாடி இருந்து ஒரு குரல் வந்தது. என் தம்பி. எப்ப வந்தான்னே தெரியலை. ஆளுங்களை விலக்கிக்கிட்டு வந்து மாமா பக்கத்துல நின்னான்.

"சிரிக்காதீங்க. அவர் சொல்றது நெசம். நேத்து நான் செத்திருப்பேன்."

அதுக்கப்புறம் யாரும் சிரிக்கலை.