காற்றடிக்காத நாளில் விழுந்த படகு

படகு பழுதுபார்க்கும் எங்கள் பட்டறையில் கிரேன் ஓட்டுவது என் அக்கா. பதினோரு வருஷமாக ஓட்டுகிறாள். எல்லாரும் அவளைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேனில் தொங்குவது ஒரு கொக்கி, பேச்சில் அவள் போடுவது இன்னொரு கொக்கி என்பார் வெல்டர். நான் அதே பட்டறையில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். கடிதம், பாலிசி எல்லாம் என் பொறுப்பு.

அன்றைக்குக் காலை பத்தரை மணி இருக்கும். மூன்று படகுகளைத் தண்ணீரிலிருந்து மேலே ஏற்ற வேண்டும். இரண்டாவது படகு அந்தரத்தில் இருந்தபோது, அதைத் தாங்கியிருந்த முன் பெல்ட் மூக்குப் பக்கமாக வழுக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கத்தக்கூட நேரமில்லை. படகின் மூக்கு கல்மேடையில் வந்து மோதியது. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் படகின் முன்பாகம் முட்டை ஓடு மாதிரி நொறுங்கிப்போனது.

படகுக்காரர் ஓடிவந்தார். உடைந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அக்கா கிரேன் கூண்டிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

முதலாளி கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"திடீர்னு காத்து அடிச்சுதுன்னு இன்ஷூரன்ஸுக்கு எழுதும்மா. காத்து மேல யாரு கேஸ் போடப்போறா?"

எழுதினேன். அக்காவைக் காப்பாற்றுகிற கடிதம்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவளிடம் காட்டவில்லை.

நாலாம் நாள் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். ஒல்லியான மனிதர். படகைச் சுற்றிச் சுற்றி அளந்தார், போட்டோ எடுத்தார், பெல்ட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு ஆபீசில் எல்லாரும் உட்கார்ந்தோம். முதலாளி கடிதத்தை நீட்ட, அவர் அதைச் சத்தமாகவே படித்தார்.

"காத்துதான் காரணம்னா அது இயற்கை. பட்டறை மேல பொறுப்பு வராது. பட்டறைக்குப் பொறுப்பு இல்லேன்னா நாங்களும் கொடுக்க வேண்டியதில்ல."

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்போ என் படகு?" என்றார் படகுக்காரர்.

"உங்க பேர்ல தனியா இன்ஷூரன்ஸ் இருக்கா?"

"போன வருஷம் வரைக்கும் இருந்துச்சு சார். இந்த வருஷம் புதுப்பிக்க முடியல."

நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குக் காத்து அடிக்கல," என்றாள் அக்கா.

முதலாளி தொண்டையைச் செருமினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"பெல்ட் எங்க வரணும்னு படகுல சிவப்புக் கோடு போட்டிருக்கு. முன் பெல்ட் ஒரு முழம் தள்ளி இருந்துச்சு. மேல இருந்து பார்த்தேன். இறக்கி மறுபடி கட்டச் சொல்லியிருக்கணும். அடுத்த படகு காத்துக்கிட்டிருந்துச்சு, அவசரப்பட்டுட்டேன்."

"பெல்ட்டைக் கட்டினது யாரு?"

"கீழ நிக்கிறவர் கட்டினார். சரியில்லைன்னு தெரிஞ்சும் தூக்கினது நான். என் பேரையே எழுதிக்கோங்க."

"ஏம்மா, தவளை மாதிரி உன் வாயாலேயே கெட்டியே!" என்று முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

சர்வேயர் சிரித்துவிட்டார். "கெடுக்கலீங்க, உங்களைக் காப்பாத்தியிருக்காங்க. துறைமுகத்துல காத்தை அளக்கற கருவி இருக்கு. அதைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். அன்னைக்கு இலைகூட அசையல. இந்தக் கடிதம் ஃபைலுக்குள்ள போயிருந்தா, பொய் சொன்னீங்கன்னு பாலிசியே ரத்தாகியிருக்கும். உங்க கைத்தப்பால அடுத்தவர் பொருள் கெட்டா கொடுக்கறதுக்குத்தானே இந்த பாலிசியே எடுத்திருக்கீங்க? நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்க."

கடிதத்தை என் பக்கம் தள்ளினார். நான் அதை வாங்கி நாலாகக் கிழித்தேன். படகுக்காரர் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது அக்கா கேட்டாள்: "நீதானே டைப் அடிச்ச?"

"ஆமாக்கா."

"பொய்னாலும் ஒரு எழுத்துப்பிழை இல்ல, பரவாயில்ல." கொஞ்ச தூரம் போனபின், "என்னைக் காப்பாத்தணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டி," என்றாள்.

உண்மைக்கு அவள் கொடுத்த விலை சின்னதல்ல. அவளுடைய கிரேன் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். அத்தனை நாளும் கீழே, கையில் கரண்டியோடு, படகுகளின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டினாள். வெளியிலிருந்து வந்த ஆள் ஒருத்தன், "மேல இருந்தவங்க தரைக்கு வந்துட்டீங்களே," என்று கிண்டல் செய்தான். "தரைதான் விழாத இடம், தம்பி," என்று சொல்லிவிட்டுச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் லைசென்ஸ் பரீட்சைக்கு மறுபடி போய்த் தேறினாள். அவளிடமே வேலை கற்றுக்கொண்டு போனவர்தான் பரிசோதகர். அவர் சங்கடப்பட்டு நெளிந்தாராம். "சும்மா கேளுங்க சார்," என்று இவள்தான் தைரியம் சொன்னாளாம்.

இன்ஷூரன்ஸ் பழுதுச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டது. படகு புது மூக்கோடு தயாரானது. தண்ணீரில் இறக்குகிற நாளில் முதலாளி வெளியிலிருந்து வேறு கிரேன் ஆளைக் கூட்டிவரலாம் என்றார். படகுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"தப்பை ஒத்துக்கிட்டவங்க கண்ணு இனிமே அந்தக் கோட்டைத்தான் பார்க்கும். அவங்களே தூக்கட்டும்."

அக்கா கூண்டில் ஏறினாள். இரண்டு தரம் பெல்ட்டை அவிழ்த்துக் கட்டச் சொன்னாள். மூன்றாவது தரம் தானே இறங்கிவந்து தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினாள். கீழே நின்றவர் முனகவில்லை. ஆபீசில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற சாமான் வண்டிக்காரர், "யாரும்மா அது, இவ்வளவு பதமா இறக்கறாங்க?" என்று கேட்டார்.

"எங்க அக்கா," என்றேன்.