எடையில்லாமல் கொதித்த ஒன்றரை வினாடி

1974 கோடையில் நான் திருவொற்றியூர் போனது கோயிலுக்கு அல்ல, தண்ணீர் எடையில்லாமல் கொதிப்பதைப் பார்க்க. நண்பன் பாஸ்கரின் ஆராய்ச்சி அது. விழும் பொருளுக்கு விழுகிறவரை எடை தெரியாதாம். கொதிக்கும் தண்ணீரையும் சினிமா கேமராவையும் ஒரே பெட்டியில் பூட்டிக் கீழே போட்டால் போதும், விண்வெளிக்குப் போகவேண்டாம் என்றான்.

ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் ஆறேழு கிலோமீட்டர். மணலிப் பக்கத்து ஆலைக் காற்றடித்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். கடலோரம் ஒரு காலிக் கிடங்கு. உள்ளே மூட்டை ஏற்றி இறக்க முப்பத்தாறு அடி உயரத்துக்குக் கிணறு மாதிரி ஒரு கூடு. மேலிருந்து விழ ஒன்றரை வினாடி.

மேலே பாஸ்கரும், பெட்டியின் கயிற்றைப் பிடித்தபடி கிடங்கு ஆள் காசிம் பாயும். கீழே மணலைச் சமன்செய்ய நான். நான் வெளியே வந்ததும், கூட்டின் வாசலில் நிற்கும் துறைமுகத் தொழிலாளி சேவியர் "வுடு" என்று கத்தவேண்டும், காசிம் பாய் கயிற்றை விட்டுவிடுவார். தலைக்கு மேல் அரிசி மூட்டை கனத்தில் பெட்டி தொங்கியது. அண்ணாந்து பார்க்கவே பயமாயிருந்தது. சேவியருக்குப் பாவமாயிருந்திருக்கும், பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா சார், இப்டி நடுங்கினுகீற? வூடு எங்க?"

அந்தக் கூட்டில் எல்லாம் எதிரொலிக்கும். மேலே போய்ச் சேர்ந்தது ஒரு சொல்தான்.

"வுட்டேன் மாமு!" என்றது காசிம் பாயின் குரல்.

நிமிர்ந்தேன். பெட்டியின் கறுப்பு அடிப்பாகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓடத் தோன்றவில்லை. சேவியர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். நான் நின்ற இடத்தில் பெட்டி புதைந்தது. கண்ணாடி உடைந்து வெந்நீர் என் கெண்டைக்காலில் தெறித்தது.

"மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்ட சேவியர், மேலே பார்த்துக் கத்தினார்: "வூடு எங்கன்னு கேட்டேன் பாய்! வுடுன்னா சொன்னேன்?"

கேமரா பிழைத்தது. படத்தைக் கழுவிப் போட்டுப் பார்த்தோம். தரையில் என்றால் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூட்டுக் கம்பியை விட்டுக் குமிழிகள் குபுகுபுவென மேலேறும், சூடும் கூடவே போய்விடும். விழும்போது மேல் ஏது, கீழ் ஏது? குமிழிகள் கம்பியிலேயே ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, போர்வையாக மூடிக்கொண்டன. சூடு வெளியேற வழியில்லாமல் கம்பி சிவந்தது.

பாஸ்கர் துள்ளினான். பிறகு எத்தனை முறை போட்டும் அவ்வளவு தெளிவான படம் கிடைக்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் குமிழியைப் பார்ப்பார்கள். எனக்கு இன்றும் கடைசிவரை பார்க்கத் தைரியமில்லை. படம் ஓடுகிறவரை அந்தப் பெட்டி என் தலையை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கிடங்கு இப்போது இல்லை. வேறெங்காவது இதைச் செய்துபார்ப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: சைகைக்கு விசில் வையுங்கள். வீடு எங்கே என்பதை வெளியே வந்து விசாரித்துக்கொள்ளலாம்.