முருகேசண்ணன் கொல்லையில் மேயாத பசு

இன்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் முருகேசண்ணன். ஊரில் எங்கள் வீட்டை ஒட்டி வேர்க்கடலைக் கொல்லை வைத்திருந்தவர். யாரோ ஒருவர் போனில் புயல் எச்சரிக்கை அலறிக்கொண்டிருந்தது.

எண்பதுகளில் அடித்த புயலில், ஏரிக்கரை உடையப்போகிறது என்றதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அம்மா அரிசி மூட்டையைத் தூக்கினாள். பன்னிரண்டு வயது மாவீரனான நான் டிரான்சிஸ்டரைத் தூக்கினேன்.

"மாட்டை அவுத்து வுடுடா!" என்றாள் அம்மா.

"வேணாம். முருகேசன் கொல்லையில பூந்துச்சின்னா மறுபடியும் பட்டியில அடைச்சிடுவான்" என்றார் அப்பா. முந்தின மாதம்தான், கடலைச்செடியை மேய்ந்ததற்காக முருகேசண்ணன் பட்டியில் அடைத்த பசுவை ஊரே பார்க்கக் கெஞ்சி மீட்டு வந்திருந்தார்.

நான் போய் முடிச்சை இன்னும் இறுக்கிவிட்டு வந்தேன்.

தண்ணீர் வடிந்தபோது கொட்டகையைக் காணோம். பசு அந்தக் கயிற்றின் நீளத்துக்குள்ளேயே செத்துக் கிடந்தது. அண்ணன் கொல்லை முழுக்கச் சேறு; மேய ஒரு செடிகூட மிச்சமில்லை.

முடிச்சை இறுக்கியதை இத்தனை வருஷம் மறைத்துவிட்டு இன்று பஸ்ஸில் அண்ணனிடம் சொல்லித் தொலைத்தேன்.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "மேஞ்சா மேஞ்சிட்டுப் போவுதுன்னு வுட்டிருக்கலாமே தம்பி."

"அதை நீங்க முந்தின மாசமே சொல்லியிருக்கணும்ணா."



அரைஞாண் கயிறுகூட ஒழுங்காகக் கட்டத் தெரியாத நான் கை வைத்ததில், அவிழாமல் நின்ற ஒரே முடிச்சு அது. நீங்கள் எதை விட்டுவிட்டு ஓடினீர்கள்? சொல்லுங்கள், நான் மட்டும் தனியாகப் பாவியாக இருக்க வேண்டாம்.