மேரிக்கு மீனா என்று பேர் வைத்தோம்

ஊரார் வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டு வந்து ஆபீசில் ஒப்பிப்பதுதான் எங்கள் தொழில். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கம்ப்யூட்டர் சமாச்சாரத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுவேனோ என்று இதை எழுதும்போதே பயமாக இருக்கிறது. என்னைப் போலத் தொண்டு நிறுவனங்களுக்காக வீடு வீடாக அலைகிற அக்காமார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஆபீசுக்கும் இந்த ஏஐ வந்திருக்கும். இல்லையென்றால் சீக்கிரம் வரும்.

போன் அழுதது

மண்டைக்காட்டுப் பக்கம், வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்காக நடக்கும் சின்ன மையம் எங்களுடையது. முன்பெல்லாம் நான் சொல்லச் சொல்ல, ஆபீஸ் வேலை பார்க்கும் ஸ்டெல்லா டைப் அடிப்பாள். பிறகு ஏஐ வந்தது. நான் போனில் பேசினால் போதும், அதுவே நல்ல தமிழில் எழுதிவிடும்.

முதல் தடவை அது எழுதியதை ஸ்டெல்லா வாசித்தாள். 'கண்ணீர் மல்க, நடுங்கும் குரலில் அந்தப் பெண் கூறினார்' என்றிருந்தது. அந்தப் பெண் அழவே இல்லை. மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, மாமியாரை நக்கலடித்துச் சிரித்தபடி சொன்னவள். நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று பதறினேன். ஸ்டெல்லா அந்தக் கண்ணீரை அழித்துக்கொண்டே சொன்னாள்: "இது நம்மள விடப் பாவம் பாக்குதுக்கா."

மேரி வருவது

மேரி கடற்கரையூர்க்காரி. கணவன் தங்கல் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் கடலில்தான். கரைக்கு வந்தால் குடி, அடி. மாதா குருசடியில் நவநாள் செபத்துக்குப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு எங்களிடம் வருவாள். வக்கீலம்மாவைப் பார்த்துப் புகார் கொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். அதற்குமுன் விஷயம் தெரிந்தால் மாமியார் பிள்ளைகளைத் தூக்கித் தன் மகள் வீட்டில் வைத்துவிடுவாள். மேரிக்கு அந்த ஒரு பயம்தான்.

யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். "மாதாவும் நீங்களுந்தான் அறிஞ்சதுக்கா. மாதா சொல்ல மாட்டா" என்றாள்.

மீனா ஆனது

உதவி செய்கிறவர்களுக்கு அனுப்பும் செய்திமடலில் உன் கதையைப் போடலாமா என்று மேரியிடமே கேட்டோம். பேர் வராவிட்டால் சரி என்றாள். பேர்களை மாற்றச் சொல்லி ஸ்டெல்லா ஏஐயிடம் சொல்ல, மேரி மீனா ஆனாள். கணவன் பேரும் பிள்ளைகள் பேரும் மாறின. மறுநாள் அனுப்புவதாக ஏற்பாடு. அந்த மடல் சுற்றிச் சுற்றிக் கடற்கரை வாட்ஸாப் குழுக்களுக்கும் போகும்.

மேரி காதில் ஒரு தடவை போட்டுவிடாமல் எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் ஏறிப் போனேன். மாமியார் சந்தைக்குப் போயிருந்தாள். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மேரியை ஒதுக்கமாகக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். மீனா என்றதும் சிரித்தாள். 'திருக்கை வீட்டு மருமகளான மீனா' என்ற இடத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. திருக்கை என்பது அந்த வீட்டின் பட்டப்பேர். போனில் நான் பேச்சுவாக்கில் சொன்னது. அதுவும் ஒரு பேர்தான் என்று ஏஐக்குத் தெரியவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகியதால் எங்களுக்கும் உறைக்கவில்லை. அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு மேரி உண்டு. திருக்கை வீட்டுக்கோ ஒரே மருமகள். "மூஞ்சிக்கு முக்காடு போட்டு, வீட்டுக்கு வழி சொல்லிட்டியளேக்கா" என்றாள் மேரி.

மீனா வேண்டாம்

மையத்தை நடத்துகிற டீச்சரிடம் ஓடிப் போய், இந்த ஏஐயே வேண்டாம் என்று அழாக்குறையாகச் சொன்னேன். ஸ்டெல்லா விடவில்லை. அது வந்த பிறகுதான் அவளுக்குக் கழுத்து வலி விட்டிருக்கிறது. டீச்சர் இருவரையும் பேசவிட்டுப் பைய முடிவு சொன்னார். கூட்டம், பயிற்சி இதையெல்லாம் அது எழுதட்டும். பெண்கள் நம்பிச் சொன்னதை நாமே எழுதுவோம். அதுவும் சம்பந்தப்பட்டவள் காதால் கேட்டுச் சரி என்ற பிறகுதான் வெளியே போகும்.

மேரியின் கதை மடலில் போகவில்லை. அவள் புகார் கொடுத்து, பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். போன வாரம் மையத்துக்கு வந்தவள், அந்தக் கதை என்ன ஆயிற்று என்று அவளாகவே கேட்டாள். "இனி எனக்க பேரையே போடுங்கக்கா. நான் பட்ட அடிக்கு எவளோ மீனாவா பேரு வாங்கணும்?"

நானோ இப்போதெல்லாம் மீன் சந்தையில் நின்று கத்திச் சொல்லக்கூடியதை மட்டுமே போனிடம் சொல்கிறேன். மீதியெல்லாம் என் வயிற்றுக்குள்ளேயே கிடப்பதால், கூடுதலாக ஒரு பிரஷர் மாத்திரைதான் சேர்ந்திருக்கிறது.