ஸ்டெல்லா அக்கா சொன்ன படம்

நனைத்த சாக்கு ஜன்னலில் தொங்கிக் காயும்போது ஒரு வாசனை வரும். மழைக்கு ஒதுங்கி நிற்கும் மாட்டின் மேல் வீசுவது போன்ற, சற்றே புளித்த, ஆனாலும் வெறுக்கத் தோன்றாத வாசனை. பட்டப்பகலில் கூடத்தை இருட்டாக்கிப் படம் போடுவதற்காக எங்கள் வீட்டு ஜன்னல்களில் சாக்குகளைக் கட்டி, வெக்கை தெரியாமலிருக்கட்டும் என்று அவற்றின் மேல் தண்ணீரும் தெளித்திருந்தார் என் சித்தப்பா. தொண்ணூற்றொன்றாம் வருடம், ஆவணி மாதம், பிள்ளைப்பாக்கம். காலையில் என் தம்பிக்குக் காது குத்தி, பந்தி முடிந்து, வாழையிலைகளை எடுத்துப் போட்ட கையோடு தெருவே எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அப்போது பத்து வயது.

அந்த வருடக் கோடையில்தான், தேர்தல் கூட்டத்தில் வெடித்த குண்டால், பக்கத்திலிருக்கும் ஸ்ரீபெரும்புதூரின் பெயரை நாடே உச்சரித்தது. அதன்பிறகு வெகுநாள் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். நாலு பேர் கூடி நிற்பதற்கே யோசித்தார்கள். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்கள் தெருவுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு கிடைத்த கூட்டம். சித்தப்பா பஜாரிலிருந்து வாடகைக்கு "டெக்கு" எடுத்து வந்திருந்தார். வீடியோ கேசட் போடும் அந்தப் பெட்டியையும் கலர் டிவியையும் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, குழந்தையைப் போல மடியில் தாங்கிக்கொண்டு வந்தார். கூடவே இரண்டு கேசட்டுகள். முதலில் ஒரு சாமி படம். அது முடிந்ததும், எல்லாரும் காத்திருந்த புதுப்படத்தின் பெயர் எழுதிய கேசட்டை உள்ளே தள்ளினார். திரையில் கோடுகள் ஓடின. கோடுகளுக்குப் பின்னால் ஓர் உயரத் தொப்பி தெரிந்தது.

அது இங்கிலீஷ் படம். கடைக்காரர் உறை மாற்றிக் கொடுத்துவிட்டார். "பேர்தாம்பா நம்முது, உள்ள எவனோ வெள்ளக்காரன் கீறான்!" என்று யாரோ கத்த, கூடம் சிரிப்பும் சலிப்புமாக இரைந்தது. பஜாருக்குத் திரும்பப் போய் மாற்றி வருவதற்குள் பொழுது போய்விடும். அப்போதுதான் அம்மா, "நம்ம ஸ்டெல்லாவ கூப்புடு, அது இங்கிலீஷுல படிச்சிது, கத சொல்லும்" என்றாள்.

ஸ்டெல்லா அக்கா எதிர்வீடு. அந்த வருடம்தான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். சின்ன வயதிலேயே தாயை இழந்தவள். ரைஸ் மில்லில் மோட்டார் பார்க்கும் அவளுடைய அப்பா டேவிட் மாமாவும் அவளும் மட்டும்தான் வீட்டில். டேவிட் மாமாவின் அக்கா சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் இருந்தார். அங்கிருந்து வருவதால் எங்கள் தெரு அவரைக் "கோவிலத்தை" என்றது. அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்பது அந்தப் பெயருக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. தாயில்லாத பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து பூப்பு நீராட்டியது வரை எல்லாம் கோவிலத்தைதான். அவர் வார்த்தையை டேவிட் மாமா தாண்டமாட்டார். தன் மகன் அருளுக்கே ஸ்டெல்லாவைக் கட்டிவைப்பது என்று அத்தை எப்போதோ முடிவு செய்திருந்தார். அன்றைக்கு விசேஷத்துக்கு வந்த சாக்கில், சாயங்காலம் நாள் குறித்துவிட்டுப் போவதாகத் திட்டம்.

தெருவுக்குத் தெரியாத இன்னொரு சங்கதி இருந்தது. மெட்ராசில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா அக்காவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. "மொதல்ல கல்யாணம் ஆவட்டும், அப்பால பாக்கலாம்" என்று டேவிட் மாமா சொல்லிவிட்டார். இதை என் அம்மாவிடம் மட்டும் சொல்லி அவள் அழுததை நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டிருந்தேன்.

அவள் வந்து டிவிக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள். படம் அதற்குள் எங்களை இழுத்துக்கொண்டிருந்தது. அதுபோல ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை. கேஸ் விளக்கு எரியும் தெருக்கள், குதிரை வண்டிகள், இடுப்பை இறுக்கிய நீண்ட கவுனும் கையில் குடையுமாகப் பெண்கள். பின்னால் தெரிந்த மலையும் கடலும்கூட நிஜமாக இல்லாமல், பழைய பாடப் புத்தகத்தில் பேனாக் கோடுகளால் போட்ட படம் போலிருந்தன. ஒரு கிழட்டு விஞ்ஞானி இரும்பில் பெரிய முட்டை ஒன்று செய்திருந்தார். அதன் உள்ளே பித்தளைத் திருகுகள், வெல்வெட் நாற்காலிகள், சுவரில் மாட்டிய கடிகாரம். அதில் ஏறித்தான் சந்திரனுக்குப் போகப் போகிறார்களாம். "வூட்டையே தூக்கினு போறானுங்க" என்றார் சித்தப்பா.

தொப்பிக்கார இளைஞன் ஒருவன் கிளம்புவதற்கு முன் தன் காதலியைப் பார்க்க வந்தான். அலங்கார அறை, பெரிய பியானோ. அவன் ஏதோ சொன்னான். ஒலிநாடாவின் இரைச்சலில் எல்லாம் ஒரே முணுமுணுப்பு.

"இன்னா சொல்றான்?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டார் கோவிலத்தை. நான் அவர் மடியில் பாதி சாய்ந்திருந்தேன்.

"சந்திரனுக்குப் போறேன், திரும்பி வர நாளாவும், எனக்காகக் காத்துகினு இருன்னு சொல்றாரு அத்தே."

திரையில் அந்தப் பெண் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நீளமாகப் பேசினாள்.

"அதுக்கு அந்தப் பொண்ணு?"

ஸ்டெல்லா அக்கா திரையையே பார்த்துக்கொண்டு, "நானும் ஒரு படிப்பு படிக்கணும், மூணு வருசம் ஆவும், நீயும் எனக்காகக் காத்துகினு இருப்பியான்னு கேக்குது" என்றாள்.

"இன்னா படிப்பு?"

"நர்சு படிப்பு."

விசிறிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. கோவிலத்தை "ம்" என்றார்.

இரும்பு முட்டை சந்திரனில் இறங்கியது. குடையளவு காளான்கள் முளைத்த குகை. தொப்பியைக் கழற்றாமலே அவர்கள் உள்ளே போனார்கள். அப்போதுதான் அந்த மிருகம் வந்தது. ஆறு கால், பல்லி முகம், முதுகு முழுக்க மயிர். அது ஓடவில்லை, நடக்கவும் இல்லை; விட்டு விட்டு நகர்ந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிற்றல். காற்றே இல்லாத குகையில் அதன் முதுகு மயிர் மட்டும் சிலிர்த்துக்கொண்டேயிருந்தது. நிஜமான புலியைக் காட்டியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். உயிரில்லாத ஒன்று உயிரோடிருக்க முயற்சி செய்வது போலிருந்தது அது. கூடத்திலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்கள்; நான் கோவிலத்தையின் மடியோடு ஒட்டிக்கொண்டேன்.

மிருகம் முன்னங்காலைத் தூக்கியது. படம் சட்டென்று ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. "கரண்ட் போச்சி!"

யாரோ சாக்கை விலக்க எழுந்தார்கள். "இருங்க, இப்ப வந்துரும்" என்று கோவிலத்தை தடுத்தார். இருட்டில் வியர்வையும் மல்லிகையும் நனைந்த சணலும் கலந்து வந்தன. கொஞ்சநேரம் கழித்து அவர் குரல் கேட்டது.

"ஏ ஸ்டெல்லா. அந்தப் பொண்ணு கத இன்னா ஆச்சி? அவள பூமியிலயே வுட்டுட்டு வந்துட்டானுங்களே."

"படத்துல இன்னும் வரல அத்தே."

"படம் கெடக்குது. உனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்லு."

ஸ்டெல்லா அக்காவின் குரல் சுவரோரத்திலிருந்து வந்தது.

"சீட்டு கெடச்சிருக்குது அத்தே. அப்பா, கல்யாணம் மொதல்லன்னுட்டாரு. உங்ககிட்ட எப்டி கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

"அருள புடிக்கலயா உனக்கு?"

"அப்டியில்ல. படிச்சிட்டுக் கட்டிக்கறேன்னுதான் கேக்கறேன்."

பின்வரிசையில் டேவிட் மாமா தொண்டையைச் செருமினார். "நாலு பேரு இருக்கற எடத்துல இன்னாம்மா இது..."

"நீ சும்மா இரு டேவிட்டு" என்றார் அத்தை. பிறகு, "இத எங்கிட்ட சொல்றதுக்கு ஒரு வெள்ளக்காரி வேண்டியிருந்துச்சா உனக்கு?" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. என் தலைமேல் வைத்திருந்த கையை எடுக்காமலே சொன்னார்: "நீ இன்னா சந்திரனுக்கா போற? மெட்ராசுக்குத்தானே? போய் படி. அருளு இருப்பான். நா பாத்துக்கறேன்."

அம்மா மூக்கை உறிஞ்சியது கேட்டது. கரண்ட் வந்ததும் சித்தப்பா பொத்தானை அமுக்கினார். மிருகம் விட்ட இடத்திலிருந்து காலை இறக்கியது. அதற்குப் பிறகு படத்தில் யார் என்ன பேசினார்கள் என்று ஸ்டெல்லா அக்கா சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நாள் குறிக்காமலே அத்தை சாயங்கால பஸ் ஏறினார்.

அந்த மாதம் முழுக்க எங்கள் தெருப் பிள்ளைகள் விட்டு விட்டு நடந்தோம். ஒருத்தர் மிருகம், மற்றவர்கள் தொப்பிக்காரர்கள். அதற்கு "சந்திரப் பல்லி" என்று பெயர். மாடு மேய்க்கப் போனாலும் அப்படித்தான் நடந்தோம்.

ஸ்டெல்லா அக்கா மெட்ராசுக்குப் போனாள். ஆனால் அருள் காத்திருக்கவில்லை. மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவன், இரண்டாம் வருடமே தன்னோடு வேலை செய்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். அன்றைக்குக் கோவிலத்தை பஸ் பிடித்து வந்து எதிர்வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றதும், "நா காத்துகினு இருந்தேன் டேவிட்டு, எம் புள்ள காத்துகினு இல்ல" என்று சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கிறிஸ்துமசுக்கு ஸ்டெல்லா அக்கா ஊருக்கு வரவில்லை. டியூட்டி என்று சொல்லிவிட்டாள். வருத்தமா என்று பல வருடம் கழித்து நான் கேட்டபோது, "இருந்துச்சி. ஆனா அத்தைய நெனச்சிதான் ஜாஸ்தி" என்றாள். அதற்குள் அவள் மஸ்கட்டில் நர்சாகி, அங்கேயே வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டிருந்தாள்.

சில வருடங்களுக்கு முன் தற்செயலாக அந்தப் படம் என் செல்போனில் கிடைத்தது. அந்த மிருகம் ஒரு சாண் பொம்மை என்பதும், அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு படமாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதும் இப்போது எனக்குத் தெரியும். முதுகு மயிர் சிலிர்ப்பது, ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரின் விரல்கள் அதைத் தொட்டு வைத்ததால்தான். தெரிந்த பிறகு பயம் போய்விட்டது, பிரியம் வந்துவிட்டது. பியானோ அறைக் காட்சிக்குக் கீழே வசனம் எழுத்துகளாக ஓடியது. அந்தப் பெண் படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சந்திரனில் குளிரும், பெட்டியில் கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன், மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறாள், அவ்வளவுதான். மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "காலுறையா! அதுக்கா நெஞ்சுல கை வெச்சிகினு அப்டிப் பேசுனா?" என்று ஸ்டெல்லா அக்கா வெகுநேரம் சிரித்தாள். "அன்னிக்கு எனக்கும் ஒரு வார்த்த புரியலடி."

இப்போது டெக்கும் இல்லை, அதை வாடகைக்கு விட்ட கடையும் இல்லை. எங்கள் கூடத்தை இடித்துவிட்டுக் கம்பெனிப் பையன்கள் தங்குவதற்கு அறை அறையாகக் கட்டியிருக்கிறார்கள்; ஷிஃப்ட் முடிந்து வந்து ஆளுக்கொரு போனில், ஆளுக்கொரு படத்தைத் தமிழிலேயே பார்க்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கோவிலத்தையும் போய்விட்டார். செய்தி கேட்டு ஸ்டெல்லா அக்கா விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. வாசலில் அருளின் மனைவிதான் அவள் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள், காப்பி கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து கடைசி நாட்களைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட வருகிற ஒவ்வொரு நர்சின் கையையும் பிடித்துக்கொண்டு, "எம் மருமவளும் நர்சுதாம்மா, மஸ்கட்டுல கீறா" என்று சொல்வாராம் அத்தை.

தம்பி மகளையும் மருமகள் என்றுதான் சொல்கிறோம். "அதனால பக்கத்துலயே நின்னும் நா ஒண்ணும் சொல்லலக்கா" என்றாள் அருளின் மனைவி.