காக்கா எடுக்காத சோறு

மனிதனை மிஞ்சிய அறிவு எந்த ஜீவனுக்கும் கிடையாது என்று லைன்மேன் மாரிராஜ் வைகாசி மாசம் வரைக்கும் நம்பியிருந்தான். பதினெட்டு வருசம் கம்பத்து உச்சியில் நின்று ஊரைக் கீழே பார்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

இலஞ்சியில் அவன் தெருக் கம்பத்திலேயே ஒரு காக்கை கம்பித் துண்டுகளால் கூடு கட்டியிருந்தது. கரண்ட் அடிக்கடி போனது. கூட்டைத் தூக்கிப் பக்கத்து வேப்பமரத்தில் வைத்திருக்கலாம். எத்தனையோ கூட்டை அப்படி வைத்தவன்தான். அன்றைக்குப் பசி. கழியால் ஒரே தள்ளு. கண் திறக்காத இரண்டு குஞ்சுகள் ரோட்டில் விழுந்து செத்தன. காக்காதானே என்று சாப்பிடப் போய்விட்டான்.

மறுநாளே பிடித்தது சனியன். தலை தெரிந்தால் தாய்க்காக்கையின் கொத்து. ஹெல்மெட் போட்டான், சட்டையை மாற்றினான், மச்சினன் பைக்கை வாங்கி ஓட்டினான், அப்படியும் அது விடவில்லை. அட, ஆதாருக்குப் போட்டோ எடுத்தவன்கூட அவன் முகத்தை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை! கூட நடந்தவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. ஏன் கொத்துகிறது என்று மனைவி வள்ளித்தாய் கேட்டதற்கு, தெரியாது என்றான்.

ஆடி அமாவாசை வந்தது. அப்பா மாடக்கண்ணு போய் ஒரு வருசம் முடிந்திருந்தது. பண்பொழியிலிருந்து தங்கச்சி முத்துச்செல்வி வந்திருந்தாள். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் முடித்தவள். அப்பா ஆறு வருசம் அவளோடு பேசாமலே கண்ணை மூடிவிட்டார். குற்றாலத்தில் குளித்து, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு மாரிராஜ் வந்தான். அப்பாவுக்குப் பிடித்த தடியங்காய்க் கூட்டும் சோறும் அவள்தான் ஆக்கியிருந்தாள்.

மொட்டைமாடிச் சுவரில் இலை போட்டுக் கூப்பிட்டார்கள். கம்பியில் வரிசையாக உட்கார்ந்து காக்கைகள் கத்தின. ஒன்றும் இறங்கவில்லை. ஒரு மணி நேரமாயிற்று. காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

"அப்பாவுக்கு எம்மேல கோவம் ஆறலண்ணே," என்றாள் முத்துச்செல்வி. "நான் ஆக்குன சோறுன்னுதான் எறங்க மாட்டுக்காரு."

தன்னைக் கண்டுதான் அந்தத் தாய்க்காக்கை கத்துகிறது, மற்றவையும் இறங்கவில்லை என்று மாரிராஜுக்குப் புரிந்தது. குஞ்சைக் கொன்ற கையால்தான் அப்பாவுக்குத் தண்ணீர் இறைத்தேன் என்று எந்த வாயால் சொல்வான்? "சாரல் அடிக்குதுல்லா, மெதுவா வரும்ட்டி," என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். "நான் போயிருதேண்ணே. நான் நின்னா அவரு பட்டினிதான்."

அவள் படியில் கால் வைத்ததும் மாரிராஜ் ஓடி வந்தான். குறுக்கே போய் மறித்தான்.

"நீ நில்லுட்டி. நான் கீழ போறேன். ஏன்னு மட்டும் கேக்காத."

அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஐந்து நிமிசம்கூட ஆகியிருக்காது. மேலே இறக்கைச் சத்தம். "வந்துட்டு, வந்துட்டு!" என்று வள்ளித்தாய் கத்தினாள்.

மூன்று பேர் நின்ற மாடியில் குற்றவாளி யார் என்று அந்தக் காக்கைக்குத் தெரிந்திருந்தது. அவனோ, தெரிந்தும் ஒரு பாவமும் அறியாத தங்கச்சியை ஒரு மணி நேரம் அழவிட்டான். த்தூ, இதுவா மனுச அறிவு?

"அண்ணே, அப்பா மன்னிச்சிட்டாருண்ணே!" மாடியிலிருந்து முத்துச்செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். "என் சோத்தச் சாப்பிடுதாரு, ஓடி வாயேன்!"

அவன் ஒரு படி ஏறினாலும் எல்லாம் பறந்துவிடும்.

"நீ பாருட்டி," என்று உள்ளேயிருந்தே சொன்னான்.