வெயிலில் வைத்த பச்சை பாட்டில்

பீர் குடிக்கிறதுக்கு சம்பளம் வாங்கின பொம்பள நானு. சொன்னா பாதி பேரு சிரிப்பாங்க, மீதி பேரு மூஞ்சிய சுளிப்பாங்க. ரெண்டு பேரப் பத்தியும் எனக்கு இப்ப கவல இல்ல. அப்ப இருந்துச்சு. நெறைய இருந்துச்சு.

திருவள்ளூர் பக்கத்துல ஒரு பீர் கம்பெனி. கெமிஸ்ட்ரி படிச்சிட்டு அங்க லேப்ல சேர்ந்தேன். தண்ணி சோதிக்கிறது, பார்லில ஈரம் பாக்குறது, பாட்டில் உள்ள காத்து எவ்ளோ இருக்குதுன்னு அளக்குறது, இதான் வேல. மூணு வருஷம் ஒரு சொட்டு பீர் நாக்குல பட்டது கிடையாது. ஒரு நாள் காலைல பீர் காய்ச்சுற மாஸ்டர் லேப்புக்கு வந்து, கையில இருந்த கிளாஸ மேஜ மேல வெச்சிட்டு ஏதோ பேப்பர்ல கையெழுத்து போட்டுக்கினு இருந்தாரு. நான் ரெண்டடி தள்ளி நின்னுக்கினு, "மாஸ்டர், இதுல வெண்ண வாசன வருதே"ன்னேன். அவரு கிளாஸ மோந்து பாத்தாரு. என்னப் பாத்தாரு. அவசரப்பட்டு அந்த டேங்க்க குளுர வெச்சிட்டாங்க, இன்னும் ரெண்டு நாளு அது சும்மா கிடந்திருக்கணும்னு சாயங்காலம் தெரிஞ்சுது. அடுத்த வாரம் ருசி பாக்குற மேஜையில எனக்கு ஒரு நாற்காலி போட்டாங்க.

அந்த ரூம்ல மொத்தம் ஆறு நாற்காலி. காலைல பதினோரு மணிக்கு உக்காருவோம், நாஷ்டா செரிச்சு சோத்துக்கு பசி எடுக்குற நேரம். கலர் தெரியாம இருக்க கருநீல கிளாஸு. பேரு கிடையாது, நம்பர் மட்டும். ஒரு வாய், கொஞ்சம் பொரி, கொஞ்சம் தண்ணி, அப்பறம் அடுத்த வாய். துப்பக்கூடாது. முழுங்கினாத்தான் தொண்டைல நிக்கிற கசப்பு தெரியும். அன்னைக்கு பவுடர் கூடாது, வாசன எண்ண கூடாது, பூ கூடாது. மல்லிப்பூ வெச்சுக்கினு ஒருத்தி உக்காந்தா பக்கத்து ஆளு மூக்கும் சேந்து போயிடும். செவ்வாயும் வெள்ளியும் ருசி நாளு. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வெள்ளிக்கிழம தலையில பூ இல்லாம போறாளேன்னு எங்க மாமியார் பக்கம் ஒரே முணுமுணுப்பு. எங்க ஊட்டுக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். "துப்பிடுவ இல்ல?"ன்னு ஒரு தடவ கேட்டாரு. "துப்பிடுவேன்"னேன். பொய்தான். இன்னா பண்றது.

அந்த வருஷம் மொதலாளிக்கு ஒரு ஆச வந்துச்சு. வெளிநாட்டுல சின்னச் சின்னதா விதவிதமா பீர் காய்ச்சுறாங்களாமே, நம்மளும் அது மாதிரி ஒண்ணு போடலாம்னு. மாஸ்டர் ஒரு சின்ன டேங்க்கு வெச்சு நாலு தினுசு காய்ச்சினாரு. ஐயோ, அந்த நாலு மாசம்! கோதும பீர் ஒண்ணு, கலங்கலா இருக்கும், மோந்தா பழுத்த வாழப்பழமும் கிராம்பும். கறுப்பு ஒண்ணு, பார்லிய நல்லா வறுத்துப் போட்டது. சக்கர இல்லாத கடுங்காப்பியா ஆரம்பிச்சு கடசில லேசா தீஞ்ச ரொட்டி. மூணாவது சாதா பீர்தான், ஆனா அவசரப்படாம ஆறு வாரம் குளுர்ல வெச்சது. எதுவும் தூக்கலா தெரியாது, அதான் அதோட அழகே. நாலாவது என் செல்லம். ஹாப்ஸ்னு ஒரு பூ, காஞ்சு சருகா வரும், பீருக்கு கசப்பு குடுக்குறது அதுதான். அத அள்ளி அள்ளிப் போட்டது. மோந்தா நார்த்தங்கா எல, குடிச்சா வேப்பம்பூ ரசம் மாதிரி மெதுவா ஏறி மெதுவா எறங்குற கசப்பு. "இது நெறைய பேருக்கு புடிக்காது, புடிச்சவன் வேற எதையும் தொடமாட்டான்"னு எழுதிக் குடுத்தேன். மாஸ்டர் அந்த சீட்ட மடிச்சு சட்டப் பையில வெச்சுக்கினாரு. எனக்குன்னு ஒரு எடம் இருந்துச்சுன்னா அது அந்த நாற்காலிதான். ஊட்டுல நான் சொல்லி ஒரு அடுப்பு மாறாது. அங்க நான் சொன்னா டேங்க்க நிறுத்துவாங்க.

இந்த நேரத்துலதான் அந்தாளு வந்து சேந்தான், லேப்புக்கு புது மேனேஜரா. அதுக்கு முன்னாடி கும்மிடிப்பூண்டில ஒரு பெயிண்ட் கம்பெனில இருந்தவன். 'வந்தாரு'ன்னு மரியாதையா எழுத கை வரமாட்டேங்குது, வுடுங்க. வாயில எப்பவும் பாக்கு, ஒடம்பு பூரா சென்ட்டு.

வந்த மாசமே ஒரு பச்ச பாட்டில் கொண்டாந்தான். மச்சான் சிங்கப்பூர்ல இருந்து குடுத்ததாம், ஊட்டு ஷோகேஸ்ல ஜன்னலோரமா அழகுக்கு வெச்சிருந்தானாம். எல்லாருக்கும் ஒரு மடக்கு ஊத்தினான். எனக்கு கொமட்டிக்கினு வந்துச்சு. பீர் பாட்டில் பழுப்பா இருக்கறதே வெயில தடுக்கத்தான். பச்ச பாட்டில்ல வெயில் உள்ள பூந்துடும், ஹாப்ஸ் கெட்டுடும். ரப்பர் கருகின எடத்துல பூன ஒண்ணுக்கு அடிச்ச நாத்தம் வரும். அந்த நாத்தத்த மோந்துக்கினு அவன் கண்ண மூடி, "இதான்யா பீரு. ஃபாரின் வாசன பாத்தியா?"ன்னான். மாஸ்டர் கிளாஸ தொட்டில கவுத்துட்டு வெளிய போயிட்டாரு. நான்தான் வாய வெச்சுக்கினு சும்மா இல்லாம, "சார், இது வெயில்ல கெட்டது"ன்னுட்டேன், எல்லார் எதுருலயும். "நீ எந்த ஃபாரின் போய் குடிச்ச?"ன்னு சிரிச்சான். சிரிச்சாலும் காது செவந்துபோச்சு. அன்னைக்கே என்ன குறி வெச்சிட்டான்.

அதே வருஷம் வேப்பம்பட்டுல துண்டு எடத்துல ரெண்டு ரூம் கட்டி கிரகப்பிரவேசம் வெச்சோம். லேப் முழுக்க கூப்ட்டேன், அவன மட்டும் வுட முடியுமா. கடம்பத்தூர்ல இருந்து எங்க மாமனார் வந்திருந்தாரு. நெல்லு போடுற மனுஷன். கூடப்பொறந்த தம்பிய குடிக்கு வாரிக் குடுத்தவரு, குடிச்சவன் நெழல் கூட அவரு களத்துல விழக்கூடாது. எனக்கு லேப்ல தண்ணி சோதிக்கிற வேலன்னு மட்டும்தான் அவருக்கு சொல்லி வெச்சிருந்தோம். பந்தில அவரு பக்கத்துலயே போய் உக்காந்தான் அந்தாளு. ரெண்டாவது வடைக்கு கை நீட்டிக்கினே, "பெரியவரே, உங்க மருமவ குடிச்சு பாத்து சரின்னு சொன்னாத்தான் எங்க பீரு கடைக்கே போவும். துப்பவே மாட்டாங்க, மடக்கு மடக்குன்னு முழுங்கிடுவாங்க"ன்னான். சாம்பார் வாளியோட நான் அங்கயே நிக்கிறேன். மாமா என்ன ஏறிட்டு பாக்கல. பாயசம் வர்றதுக்கு முன்னாடியே எலைய மடிச்சாரு. "ரயிலுக்கு நேரமாச்சு"ன்னு துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கினு போயிட்டாரு. அதுக்கப்பறம் ஒரு வருஷம் என் கையால தண்ணி வாங்கி குடிக்கல. எல்லாரும் போன அப்பறம் எங்க ஊட்டுக்காரர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "துப்புவேன்னுதானே சொன்ன?"

திங்கக்கிழம அந்தாளு என்ன ரூமுக்கு கூப்ட்டான். "ஊட்டுல பிரச்சனையாமே. குடும்பம் முக்கியம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், இனிமே நீ மேஜையில உக்கார வேணாம். கிளாஸ் கழுவி, ஊத்தி, நம்பர் ஒட்டிக் குடு, போதும்"னான். அடப்பாவி, பிரச்சன பண்ணதே நீதானடான்னு தொண்ட வரைக்கும் வந்துச்சு. "சரி சார்"னேன். வெள்ளிக்கிழம என் நாற்காலில அவனே உக்காந்தான், பாக்கு மென்னுக்கினே.

மாஸ்டர் கிட்ட போய் அழுதேன். "மொதலாளி வரட்டும், நானே பேசுறேன், கொஞ்சம் பொறுத்துக்கோ"ன்னாரு. எங்கேந்து பொறுக்குறது? காலைல ரயில்ல உக்காந்து ஸ்டேஷனுக்கு ஒரு சாபம் வுடுவேன். செவ்வாப்பேட்ட வந்தா அவனுக்கு பேதி புடுங்கணும். புட்லூர் வந்தா அவன் மூக்கு அழுகி விழணும். திருவள்ளூர்ல எறங்கும்போது அவன் நாலு பேரு எதுருல நாறணும், மாமா எதுருல நான் நின்ன மாதிரி அவனும் நிக்கணும். மத்த சாபம் எல்லாம் கடவுள் கையில. இது ஒண்ணு என் கையிலயே கீதுன்னு ஒரு நாள் சட்டுன்னு உறச்சுது.

ஊத்துறது நானாச்சே! மேஜ இருக்கிற ரூமுக்கும் நான் ஊத்துற ரூமுக்கும் நடுவுல ஒரு சின்ன ஜன்னல். அது வழியா ஆளுக்கு ஒரு தட்டு தள்ளுவேன். எந்த கிளாஸ்ல இன்னா இருக்குதுன்னு அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் தெரியாது. ஊத்துறவள நம்பித்தான் அங்க எல்லாரும் கிளாஸத் தூக்குறாங்க.

நாலு தினுசுல எத போடுறதுன்னு முடிவு பண்ண மொதலாளி மெட்ராஸ்ல இருந்து வர்ற நாளும் வந்துச்சு. பச்ச பாட்டில்தான் ஸ்டைலுன்னு அவரே சொல்லி கொஞ்சம் வாங்கி வெச்சிருந்தாரு. காலைல ஒம்போது மணிக்கு ஹாப்ஸ் பீர ஒரு பச்ச பாட்டில்ல புடிச்சு எடுத்துக்கினு போய், பாய்லர் ரூம் பின்னால மதில் மேல, நல்ல சித்திர வெயில்ல வெச்சேன். என் செல்லத்தத்தான். ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்து ஐஸ்ல போட்டேன். மூடிய தொறந்து மோந்தேன். வந்துடுச்சு பூன.

மத்தவங்க தட்டுல நாலு கிளாஸும் சுத்தம். அவன் தட்டுல மூணு சுத்தம், நாலாவது கிளாஸ்ல வெயில் பட்டது. நம்பர் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஜன்னல் வழியா தள்ளிட்டு அங்கயே நின்னு பாத்துக்கினு இருந்தேன்.

ஒவ்வொருத்தரா சொன்னாங்க. ரெண்டு பேரு கோதும பீர்னாங்க, ஒருத்தர் கறுப்புன்னாரு. அந்தாளு முறை வந்துச்சு. நாலாவது கிளாஸ கையில புடிச்சுக்கினு எழுந்தே நின்னுட்டான். "சார், யோசிக்கவே வேணாம். இதான் சார் ஃபாரின் பீரு. சிங்கப்பூர்ல குடிக்கிற அதே வாசன. மோந்தாலே ராயலா இருக்குது சார்." பேசுறான், பேசுறான், நிறுத்தவே இல்ல. எனக்கு உள்ளுக்குள்ள தீவாளி.

"அவ்ளோ நல்லாவா கீது? எங்க, குடு"ன்னு மொதலாளி அவன் கையில இருந்தே வாங்கி ஒரு வாய் வெச்சாரு. அடுத்த நிமிஷம் கர்ச்சீப்ல துப்பினாரு. "சீ, இன்னாயா இது நாத்தம்!" அப்பறம் தன் தட்டுல அதே நம்பர் கிளாஸ எடுத்து குடிச்சாரு. அது நல்லா இருந்துச்சு. ரெண்டு கிளாஸையும் மாத்தி மாத்தி பாத்தாரு. மாஸ்டர் அந்தாளு கிளாஸ வாங்கி ஒரே ஒரு தடவ மோந்தாரு. மெதுவா ஜன்னல் பக்கம் திரும்பினாரு.

நான் ஒளியல. கதவ தொறந்துக்கினு வந்து நின்னேன். "வெயில்ல கெட்ட பீரு சார். நான்தான் ஒரு மணி நேரம் வெயில்ல வெச்சேன். என் நாற்காலில உக்காந்திருக்காரே, இவருக்கு தெரியுதான்னு பாக்கத்தான் வெச்சேன்."

அந்த மூஞ்சிய பாக்கணுமே! பாக்கு தொண்டைல சிக்கி இருமினான். "சார், இது அநியாயம், இது..."ன்னு இழுத்தான். மொதலாளி அவன மேலயும் கீழயும் பாத்துட்டு மாஸ்டர் கிட்ட கேட்டாரு, "நம்ம பீர் நல்லாகீதா இல்லையான்னு இவன்தான் சொல்றானா?" அடுத்த மாசம் அவன அட்டப்பெட்டி கோடவுனுக்கு மாத்திட்டாங்க. கேன்டீன்ல அவன் பின்னால நின்னு பசங்க மியாவ்னு கத்துவாங்க. ஒவ்வொரு மியாவுக்கும் எனக்கு ஒரு கவளம் சோறு கூடுதலா எறங்குச்சு.

மொதலாளி வந்து ருசி பாத்த அன்னைக்கு மத்தியானமே மாஸ்டர் என்ன கூப்ட்டாரு. நாற்காலிய திருப்பிக் குடுக்கத்தான்னு நெனச்சு ஓடினேன். அவரு நிமிராமலே பேசினாரு. "காலைல வாசல்லயே மொதலாளி கிட்ட உன் நாற்காலிக்காக பேசிட்டேன். அவரும் சரின்னுட்டாரு. இப்பத்தான் நானே அத வேணாம்னு சொல்லிட்டு வந்தேன்."

"மாஸ்டர், அவன் எனக்கு இன்னா பண்ணான்னு உங்களுக்கு தெரியும்."

"தெரியும். உன் மூக்கு மாதிரி ஒரு மூக்கு நான் பாத்ததில்ல. ஆனா இனிமே நீ ஊத்தின கிளாஸ தூக்குறதுக்கு முன்னாடி நான் ஒரு நிமிஷம் யோசிப்பேன். நீ எழுதுன சீட்ட படிக்கும்போதும் யோசிப்பேன். யோசிச்சுக்கினு ருசி பாக்க முடியாதும்மா."

என்ன கம்பெனிக்கு பின்பக்கம் கழிவுத் தண்ணிய சோதிக்கிற ரூமுக்கு அனுப்பினாங்க. மொதலாளி கோதும பீரு, சாதா பீரு ரெண்டு மட்டும் போடலாம்னாரு. ஹாப்ஸ் பீர்னு பேச்ச எடுத்தாலே அவருக்கு அந்த நாத்தம்தான் ஞாபகம் வருதாம். சின்ன டேங்க்குல மிச்சம் இருந்ததெல்லாம் ஒரு வியாழக்கிழம தொறந்து வுட்டாங்க. எனக்கு யாரும் சொல்லல. வாய்க்கால்ல தண்ணி மொண்டு மூக்கு கிட்ட கொண்டுபோனவுடனே எதுன்னு தெரிஞ்சுபோச்சு. கை கழுவாம அந்த எடத்துலயே உக்காந்து அழுதேன். அவன அப்பவும் மன்னிக்கல, இப்பவும் மன்னிக்கல.